மாத்திரையா, ஊசியா, காத்திருப்பா: ஹெபடைடிஸ் பி-யும் கல்லீரலின் என்.கே. செல்களும்

ரத்த தானம் கொடுக்கப் போன இடம், வளைகுடா வேலைக்கான மெடிக்கல், கர்ப்பிணிகளுக்கான வழக்கமான ரத்தப் பரிசோதனை. தனக்கு ஹெபடைடிஸ் பி என்ற கல்லீரல் வைரஸ் தொற்று இருக்கிறது என்பது நம் ஊரில் பலருக்கும் தெரியவருவது இப்படித்தான். உடம்பில் ஒரு தொந்தரவும் இருக்காது. ரிப்போர்ட்டில் மட்டும் ‘எச்பிஎஸ்ஏஜி பாசிட்டிவ்’ என்று இருக்கும்; வைரஸின் மேலுறைப் புரதம் ரத்தத்தில் இருக்கிறது என்று பொருள். அதனாலேயே அடுத்து என்ன செய்வது என்று கேட்டால் ஆளுக்கொரு பதில் வரும். ஒரு டாக்டர், “இப்போதைக்கு மருந்து வேண்டாம், ஆறு மாதத்துக்கு ஒருமுறை டெஸ்ட் எடுங்க” என்பார். இன்னொருவர் தினம் ஒரு மாத்திரை எழுதிக் கொடுப்பார். மூன்றாமவர் எதிர்ப்பாற்றலைத் தூண்டும் இன்டர்ஃபெரான் ஊசியைப் பற்றிச் சொல்வார். வீட்டுக்கு வரும் பெரியம்மா, கீழாநெல்லியை மோரில் அரைத்துக் குடிக்கச் சொல்வார்.

இந்த வழிகளை விலை, காலம், பக்கவிளைவு என்று வரிசைப்படுத்திப் பார்ப்பது சுலபம். ஆனால் ஒருவருக்கு நல்லது செய்கிற ஊசி இன்னொருவரைச் சாவின் விளிம்புக்குக் கொண்டுபோவது ஏன் என்பது அந்தக் கணக்கில் புலப்படாது. அதற்குக் கல்லீரலுக்குள் இருக்கும் என்.கே. செல்கள் என்ற நோய் எதிர்ப்பு அணுக்களைப் பற்றித் தெரிந்திருக்க வேண்டும். நான் ஒப்பிடுவதும் அந்தக் கோணத்தில்தான்.

இரண்டு வேலை செய்யும் செல்

1975-இல் ஸ்டாக்ஹோமின் கரோலின்ஸ்கா நிறுவனத்தில் ரோல்ஃப் கீஸ்லிங், ஈவா க்ளைன், ஹான்ஸ் விக்செல் மூவரும் எலியின் மண்ணீரலிலிருந்து ஒரு வகை வெள்ளை அணுக்களைப் பிரித்தார்கள். முன்பின் பார்த்திராத புற்றுநோய்ச் செல்களைக்கூட அவை கொன்றன. தடுப்பூசியோ முன் அறிமுகமோ தேவைப்படவில்லை. அதனால் அவற்றுக்கு இயற்கைக் கொல்லி செல்கள் என்று பெயர் வந்தது. சுருக்கமாக என்.கே. செல்கள்.

ரத்தத்திலுள்ள லிம்ஃபோசைட்டுகள் என்ற வெள்ளை அணுக்களில் இவை ஏறக்குறைய 5 முதல் 15 சதவீதம். கல்லீரலுக்குள் இருக்கும் லிம்ஃபோசைட்டுகளை எடுத்துப் பார்த்தால் மூன்றில் ஒரு பங்கோ அதற்கு மேலோ இவைதான். குடலிலிருந்து உணவோடு கிருமித் துணுக்குகளையும் சுமந்து வரும் ரத்தம் முழுவதும் முதலில் கல்லீரலுக்குத்தான் போகிறது. அங்கே உள்ள நுண்ணிய ரத்தப் பாதைகளின் சுவரை ஒட்டியபடி என்.கே. செல்கள் இருக்கின்றன.

கொல்வதா விடுவதா என்பதை இவை எப்படித் தீர்மானிக்கின்றன? 1980-களில் இதற்கு விடை சொன்னவர் கிளாஸ் கேரே, அதே கரோலின்ஸ்காவைச் சேர்ந்தவர். நம் செல்கள் எச்எல்ஏ என்ற புரதத்தை வெளியே காட்டிக்கொண்டிருக்கும். எதிர்ப்பாற்றலின் இன்னொரு படையான டி செல்கள் வைரஸைக் கண்டுபிடிப்பது அந்தப் புரதத்தின் மேல் ஏறி வரும் வைரஸ் துணுக்கைப் பார்த்துத்தான். அவற்றை ஏமாற்ற, சில வைரஸ்கள் எச்எல்ஏ-வையே குறைத்துவிடும். என்.கே. செல்லோ, இருக்க வேண்டிய எச்எல்ஏ காணவில்லை என்பதையே சந்தேகத்துக்குரிய தடயமாக எடுத்துக்கொள்கிறது. இதோடு, செல் சிரமத்தில் இருக்கும்போது வெளிவரும் வேறு சில புரதங்களையும் கணக்கில் எடுத்து, இரண்டு பக்கத்தையும் கூட்டிக் கழித்துத்தான் முடிவுக்கு வருகிறது.

முடிவு எடுத்த பிறகு இது செய்வது இரண்டு விதமான வேலை. முதலாவது, கொல்வது. குறிவைத்த செல்லோடு ஒட்டிக்கொண்டு, பெர்ஃபோரின் என்ற புரதத்தால் அதன் சுவரில் துளை போட்டு, கிரான்சைம் என்ற நொதியை உள்ளே செலுத்தும். அல்லது தன் மேற்பரப்பில் உள்ள டிரெயில் என்ற புரதத்தால் எதிரே உள்ள செல்லின் சாவுப் பொத்தானை அழுத்தும். இரண்டாவது, இன்டர்ஃபெரான் காமா என்ற சமிக்ஞைப் புரதத்தைச் சுரப்பது. இதில் யாரும் சாக வேண்டியதில்லை. கல்லீரல் செல் உயிரோடு இருக்க, உள்ளே வைரஸ் பெருகுவது மட்டும் நிற்கும். 1999-இல் சிம்பன்சிகளில் நடந்த ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. கல்லீரல் சேதம் உச்சத்துக்குப் போவதற்கு முன்பே பெரும்பகுதி ஹெபடைடிஸ் பி டிஎன்ஏ மறைந்திருந்தது. அதாவது, உடம்பு அந்த வைரஸை முக்கியமாக அடக்கியது கொல்லாமலே.

வைரஸ் ஆண்டுக்கணக்கில் தங்கிவிட்டால் கதை மாறுகிறது. லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் மாலா மைனியின் குழு பல ஆண்டுகளாக இதைப் பார்த்து வருகிறது. நாள்பட்ட ஹெபடைடிஸ் பி உள்ளவர்களின் கல்லீரலில் ஐஎல்-10, டிஜிஎஃப்-பீட்டா என்ற, எதிர்ப்பாற்றலைத் தணிக்கும் புரதங்கள் என்.கே. செல்களின் இன்டர்ஃபெரான் காமா சுரப்பை அமுக்கிவிடுகின்றன. டிரெயிலோ குறைவதில்லை. நோய் திடீரென்று சீறும் கட்டங்களில் அது ஏறுகிறது. அதே சமயம் கல்லீரல் செல்களிலும் டிரெயிலைப் பிடிக்கும் ஏற்பிகள் கூடுகின்றன. 2013-இல் அதே குழு இன்னொன்றையும் காட்டியது: வைரஸோடு போராட வேண்டிய டி செல்களையே சில என்.கே. செல்கள் டிரெயில் வழியாகக் கொல்கின்றன. வைரஸை அமைதியாக அடக்கும் திறமை முடங்கி, அடிக்கும் திறமை மட்டும் மிஞ்சினால் எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தின கதைதான்.

ஹெபடைடிஸ் பி உள்ளவரிடம் ‘இம்யூனிட்டியை ஏத்துங்க’ என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லும் விளம்பரங்கள் மேல் எனக்குக் கோபம் வருவது இதனால்தான். எந்த வேலையை ஏற்றுவது?

காத்திருப்பது

சும்மா இருப்பதை முதலில் வைக்கிறேன். சரியான ஆளுக்கு இதுவே நல்ல முடிவு. வைரல் லோட் (ரத்தத்தில் உள்ள வைரஸின் அளவு) குறைவாக, எஸ்ஜிபிடி (கல்லீரல் செல் சிதைந்தால் ரத்தத்தில் ஏறும் நொதி) இயல்பாக, கல்லீரலில் தழும்பு இல்லாமல் இருப்பவருக்கு உடம்பும் வைரஸும் ஒரு சமரசத்தில் இருக்கின்றன என்று அர்த்தம். அங்கே போய் என்.கே. செல்களைக் கிளறிவிடுவதில் லாபம் குறைவு.

ஆனால் ‘இயல்பு’ என்பதைப் பார்த்து வாங்க வேண்டும். பல லேப் ரிப்போர்ட்டுகளில் எஸ்ஜிபிடி-க்கு 40 வரைக்கும், சிலவற்றில் அதற்கு மேலும் நார்மல் என்று அச்சிட்டிருக்கும். உலக சுகாதார நிறுவனம் 2024-இல் வெளியிட்ட வழிகாட்டுதலில் ஆண்களுக்கு 30, பெண்களுக்கு 19 என்பதுதான் மேல் வரம்பு. 36 வந்த ஒரு பெண்ணின் ரிப்போர்ட்டில் சிவப்புக் குறியே இருக்காது. அந்த வழிகாட்டுதலின்படி அது வரம்பின் இரண்டு மடங்குக்குப் பக்கம். அதே வழிகாட்டுதல், வைரல் லோட் ஒரு மில்லிலிட்டருக்கு 2000 யூனிட்டுக்கு மேலும் எஸ்ஜிபிடி இந்த வரம்புக்கு மேலும் இருந்தால் மருந்து தொடங்கலாம் என்கிறது. கல்லீரலின் விறைப்பை அளக்கும் ஃபைப்ரோஸ்கேனில் 7 கிலோபாஸ்கலுக்கு மேல் போனால், மற்ற எண்கள் என்னவானாலும் தொடங்கலாம். முன்பிருந்த வரம்புகளைவிட இது நிறையவே தாராளம். பழைய கணக்கில் ‘காத்திருக்கலாம்’ என்று சொல்லப்பட்டவர்களில் கணிசமானோர் புதுக் கணக்கில் மருந்துப் பக்கம் வந்துவிடுவார்கள். 2024-க்கு முன் ஒருமுறை பார்த்து ‘ஒன்றுமில்லை’ என்று அனுப்பப்பட்டவர் திரும்பப் போய்க் கேட்பது நியாயம்.

காத்திருப்பவர் மறக்கக் கூடாத இன்னொரு விஷயம், சமரசம் குலையும் சந்தர்ப்பங்கள். புற்றுநோய்க்குக் கீமோதெரபி, ரிட்டுக்சிமாப் போன்ற மருந்து, நீண்ட நாள் ஸ்டீராய்டு என்று எதிர்ப்பாற்றலை அமுக்கும் எதையும் தொடங்குவதற்கு முன் ஹெபடைடிஸ் பி இருப்பதைச் சொல்லியாக வேண்டும். அடங்கிக் கிடந்த வைரஸ் அப்போது கட்டுக்கடங்காமல் பெருகும். மருந்தை நிறுத்தி எதிர்ப்பாற்றல் திரும்பும்போது அது ஒரேயடியாகக் கல்லீரல்மேல் பாயும். முன்கூட்டியே மாத்திரை தொடங்கிவிட்டால் இதைப் பெரும்பாலும் தவிர்க்கலாம்.

என் அபிப்பிராயம்: ஆறு மாதத்துக்கு ஒருமுறை ரத்தம் கொடுக்கத் தவறாதவருக்குத்தான் காத்திருப்பு. மற்றவர்களுக்கு அது காத்திருப்பு இல்லை, மறப்பு.

தினம் ஒரு மாத்திரை

டெனோஃபோவிர், அல்லது என்டெகாவிர். இவை என்.கே. செல்லைத் தொடுவதே இல்லை. வைரஸ் தன்னைப் பிரதி எடுக்கும் நொதியை அடைக்கின்றன, அவ்வளவுதான். சிறிது காலத்தில் ரத்தத்தில் டிஎன்ஏ கண்டுபிடிக்க முடியாத அளவுக்கு இறங்கும். வைரஸின் கூச்சல் அடங்கியதும் அதன் விளைவாக என்.கே. செல்களின் இன்டர்ஃபெரான் காமா சுரப்பு ஓரளவு திரும்புகிறது. என்டெகாவிர் எடுத்தவர்களிடம் 2011-இலேயே இதைப் பார்த்திருக்கிறார்கள். முழுதாகத் திரும்புவதில்லை, ஆனால் திரும்பும் திசை சரியானது.

பலன் என்ன? டெனோஃபோவிரின் முதல் பெரிய ஆய்வில், இ-ஆன்டிஜன் என்ற வைரஸ் புரதம் ரத்தத்தில் இல்லாத (நெகட்டிவ்) நோயாளிகளில் 93 சதவீதம் பேருக்கு 48 வாரத்தில் நல்ல கட்டுப்பாடு வந்தது. அதைவிட என்னை அசத்தியது தொடர் ஆய்வு. தொடக்கத்தில் சிரோசிஸ் (கல்லீரல் தழும்பேறிச் சுருங்குவது) இருந்த 96 பேருக்கு ஐந்து ஆண்டு மாத்திரைக்குப் பிறகு மறுபடி பயாப்ஸி எடுத்தார்கள். 71 பேருக்கு சிரோசிஸ் என்று சொல்லும் அளவுக்குத் தழும்பு இல்லை. சுருங்கிப் போன கல்லீரல் திரும்பாது என்று நம்பிய தலைமுறை டாக்டர்களுக்கே இது புதுச் செய்தி. பழைய மாத்திரையான லாமிவுடினில் ஐந்து ஆண்டுக்குள் பெரும்பாலானோருக்கு வைரஸ் மருந்துக்குப் பழகிவிடும். டெனோஃபோவிரில் அந்தத் தலைவலி இல்லை.

குறை என்று பார்த்தால், முடிவே தெரியாத பயணம் இது. கல்லீரல் செல்லின் கருவுக்குள் வைரஸ் தன் மூலப் படிவத்தை ஒரு வட்ட டிஎன்ஏ-வாக ஒளித்து வைத்திருக்கிறது. மாத்திரை அங்கே போவதில்லை. எச்பிஎஸ்ஏஜி அந்த மூலத்திலிருந்து வந்துகொண்டேதான் இருக்கும். அது நெகட்டிவ் ஆகும் வாய்ப்பு நம் போன்ற ஆசிய நோயாளிகளுக்கு ஆண்டுக்கு ஒரு சதவீதம்கூட வராது. வளைகுடா மெடிக்கலில் நெகட்டிவ் ஆக வேண்டும் என்பதற்காக மாத்திரை கேட்டு வருபவர்களுக்கு இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

பழைய டெனோஃபோவிர் சிலருக்குச் சிறுநீரகத்தையும் எலும்பையும் பாதிக்கலாம். சர்க்கரை, ரத்த அழுத்தம் இரண்டும் உள்ள அறுபது வயதுக்காரருக்கு கிரியேட்டினின் பார்க்காமல் தொடங்கக் கூடாது. அவருக்கு அதன் புது வடிவமான 25 மில்லிகிராம் டெனோஃபோவிர் அலாஃபெனமைடோ, சிறுநீரகத்துக்கு ஏற்ப அளவு குறைத்த என்டெகாவிரோ பொருந்தும். என்டெகாவிரைச் சாப்பாட்டுக்கு இரண்டு மணி நேரம் முன்போ பின்போ, வெறும் வயிற்றில்தான் எடுக்க வேண்டும். காலை டிபனோடு சேர்த்துப் போட்டுக்கொண்டால் மருந்து உடம்பில் சேர்வது குறையும். முன்பு லாமிவுடின் எடுத்தவருக்கு என்டெகாவிர் நல்ல தேர்வு இல்லை.

கர்ப்பிணிகள் விஷயத்தில் ஒப்பீட்டுக்கே இடமில்லை. வைரல் லோட் 2,00,000 யூனிட்டைத் தாண்டினால் ஏழாம் மாதத் தொடக்கம் முதல் டெனோஃபோவிர், குழந்தை பிறந்த 24 மணி நேரத்துக்குள் தடுப்பூசி. பிறந்த குழந்தைக்குத் தொற்றினால் பத்தில் ஒன்பது குழந்தைகளுக்கு அது நாள்பட்டதாகிவிடும்.

வாரம் ஒரு ஊசி

பெக் இன்டர்ஃபெரான் நேரெதிர் வழி. வாரம் 180 மைக்ரோகிராம், 48 வாரம், வயிற்றுத் தோலுக்கு அடியிலோ தொடையிலோ. இது வைரஸை நேராகவும் அடக்கும், என்.கே. செல்களையும் தட்டி எழுப்பும். 2013-இல் லண்டன் குழு பார்த்தபோது ஊசி போட்டவர்களின் ரத்தத்தில் சிடி56 என்ற மேற்பரப்புப் புரதம் அடர்த்தியாக உள்ள என்.கே. செல்கள் பல மடங்கு பெருகியிருந்தன. டிரெயிலும் இன்டர்ஃபெரான் காமாவும் ஏறியிருந்தன. டி செல்களோ பெருகவில்லை, குறைந்தே போயின. ஆக, ஊசியின் பலனில் பெரும்பங்கு என்.கே. செல்களின் கணக்கில் வருகிறது.

எழுப்பப்பட்ட படை தாக்கத் தொடங்கும்போது எஸ்ஜிபிடி ஏறும். நல்ல கல்லீரல் உள்ளவருக்கு அந்த ஏற்றம் சில சமயம் நல்ல அறிகுறி. சிரோசிஸ் முற்றி, வயிற்றில் நீர் கோத்த ஒருவருக்கு அதே தாக்குதல் மிச்சமிருக்கும் செல்களையும் காலி செய்யும். அவருக்கு இந்த ஊசி கூடவே கூடாது என்பதற்குக் காரணம் இதுதான். ஆட்டோஇம்யூன் நோய், கடுமையான மனச்சோர்வு, கர்ப்பம் இவற்றிலும் கூடாது.

முதல் ஊசி போட்ட இரவு எப்படி இருக்கும் என்று தெரிந்துகொண்டு தொடங்க வேண்டும். சில மணி நேரத்தில் குளிர் எடுக்கும், பிறகு காய்ச்சல், மூட்டெல்லாம் அடித்துப் போட்டதுபோல வலி. பாராசிட்டமால் போட்டுப் படுப்பார்கள். வேலைக்குப் போகிறவர்கள் சனிக்கிழமை இரவு போட்டுக்கொண்டு ஞாயிற்றுக்கிழமையை அதற்கே விட்டுவிடுவார்கள். சில வாரத்தில் காய்ச்சல் பழகிவிடும். வெள்ளை அணு, பிளேட்லெட் இறங்குவது, தைராய்டு கோளாறு, முடி கொட்டுவது எல்லாம் பின்னால் வரும். எரிச்சல், தூக்கமின்மை, மனம் சோர்ந்து போவது வந்தால் பெரும்பாலும் முதலில் கவனிப்பது நோயாளி இல்லை, வீட்டில் உள்ளவர்கள். அதனால் கணவனோ மனைவியோ கூட வந்து டாக்டரிடம் பேசாமல் இதைத் தொடங்க வேண்டாம் என்பேன்.

இவ்வளவுக்கும் கிடைப்பது என்ன? ஊசியையும் மாத்திரையையும் ஒரே ஆய்வில் நேருக்கு நேர் வைத்தது 2016-இல் வெளியான, 740 பேர் பங்கெடுத்த ஒரு பன்னாட்டு ஆய்வு. 72-ஆம் வாரத்தில் எச்பிஎஸ்ஏஜி மறைந்தவர்கள்: மாத்திரை மட்டும் எடுத்தவர்களில் ஒருவரும் இல்லை, ஊசி மட்டும் போட்டவர்களில் 2.8 சதவீதம், இரண்டும் சேர்த்து 48 வாரம் எடுத்தவர்களில் 9.1 சதவீதம். ஒன்பது சதவீதம் என்றால் நூறு பேரில் தொண்ணூற்றொரு பேருக்கு அந்தப் பரிசு கிடைக்கவில்லை. அதிலும் வைரஸின் மரபணு வகைகளில் ஏ வகை உள்ளவர்களுக்குத்தான் அதிகம் பலித்தது. இந்தியாவில் மிகுதி டி வகை, அடுத்துதான் ஏ. டி வகைக்கு இன்டர்ஃபெரான் அவ்வளவாக மசியாது. பன்னிரண்டாம் வாரத்தில் எச்பிஎஸ்ஏஜி அளவு கொஞ்சமும் இறங்காமல், டிஎன்ஏ-வும் நூறில் ஒரு பங்காகக் குறையாமல் இருந்தால், மிச்ச ஊசியை விட்டுவிடலாம் என்ற விதி இருக்கிறது. நல்ல விதி, வீண் செலவை நிறுத்தும்.

எனவே ஊசியை நான் சிபாரிசு செய்யத் துணிவது ஒரு சின்ன வட்டத்துக்குத்தான். இளவயது, சிரோசிஸ் இல்லை, எஸ்ஜிபிடி ஏற்கெனவே உயர்ந்திருக்கிறது, வைரல் லோட் அளவு மீறவில்லை, ஏ வகை என்று டெஸ்டில் தெரிந்திருக்கிறது, ஆயுள் முழுக்க மாத்திரை போட மனமில்லை. எஸ்ஜிபிடி உயர்ந்திருப்பதைப் பார்ப்பது ஏன் என்றால், உடம்பு ஏற்கெனவே சண்டையைத் தொடங்கிவிட்டது என்பதற்கு அது அடையாளம். தூங்குகிற படையை எழுப்புவதைவிட, எழுந்து நிற்கிற படைக்குத் துணை போவது எளிது.

கீழாநெல்லி

இதைச் சிரித்துத் தள்ளிவிட முடியாது, ஏனென்றால் இதற்குச் சென்னையிலேயே ஒரு விஞ்ஞான வரலாறு உண்டு. 1988-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் எஸ்.பி. தியாகராஜனும், ஹெபடைடிஸ் பி வைரஸைக் கண்டறிந்ததற்காக நோபல் பெற்ற பாரூக் பிளம்பெர்க்கும் சேர்ந்து லான்செட் இதழில் ஒரு கட்டுரை எழுதினார்கள். கீழாநெல்லி எடுத்த 37 பேரில் 22 பேருக்கு எச்பிஎஸ்ஏஜி மறைந்தது. வெற்று மருந்து எடுத்த 23 பேரில் ஒருவருக்குத்தான். மேலே சொன்ன 9.1 சதவீதத்தோடு வைத்துப் பாருங்கள், 59 சதவீதம்! உலகமே திரும்பிப் பார்த்தது. ஆனால் 1990-இல் தாய்லாந்தில் செய்து பார்த்தபோது பலிக்கவில்லை. பிறகு வந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்களும் நம்பத்தகுந்த ஆதாரம் இல்லை என்றே முடித்தார்கள். மற்றவர் கையில் திரும்ப வராத முடிவை நம்பி மாத்திரையை விடுவது சரியில்லை. பெரியம்மாவின் மனசு நோகாமல் மோரைக் குடித்துவிட்டு, மாத்திரையையும் போட்டுக்கொள்ளலாமா என்று கேட்டால், என்ன கலந்தது என்று தெரியாத லேகியம், பொடி வேண்டாம் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

ஹெபடைடிஸ் சி என்றால்

இங்கே ஒப்பிட எதுவும் மிஞ்சவில்லை. இந்த வைரஸுக்கு ஒளிந்துகொள்ளும் வட்ட டிஎன்ஏ கிடையாது. 2013 இறுதியில் சோஃபோஸ்புவிர் வந்த பிறகு 8 அல்லது 12 வார மாத்திரையில் 95 சதவீதத்துக்கு மேல் குணம். என்.கே. செல் ஆர்வலர்களுக்கு மட்டும் ஒரு தகவல்: மருந்தே இல்லாமல் இந்த வைரஸை விரட்டிவிடும் அதிர்ஷ்டசாலிகள் உண்டு. அவர்களிடம் கேஐஆர்2டிஎல்3 என்ற என்.கே. ஏற்பியும் எச்எல்ஏ-சி1 வகையும் சேர்ந்திருப்பது அதிகம் என்று 2004-இல் சயன்ஸ் இதழில் வந்தது. அந்த ஏற்பி என்.கே. செல்லைக் கட்டிப் போடும் கயிறு போன்றது, ஆனால் பிடி தளர்ந்தது. சீக்கிரம் அவிழ்வதால் செல் விரைவாக வேலைக்கு இறங்கிவிடுகிறது.

நிறுத்தலாமா?

மாத்திரை தொடங்கிய இரண்டு மூன்று ஆண்டில் எல்லோரும் கேட்கும் கேள்வி. டிஎன்ஏ தெரியவே இல்லை, எஸ்ஜிபிடி 22, பிறகு எதற்கு? இதில்தான் என்.கே. செல்லின் இரண்டு முகமும் ஒருசேரத் தெரியும். நிறுத்தினால் பெரும்பாலோருக்கு வைரஸ் திரும்பும். அது திரும்பும்போது எதிர்ப்பாற்றல் விழித்து, சிலருக்கு எச்பிஎஸ்ஏஜி-யே மறைந்திருக்கிறது. அப்போது அவர்களின் என்.கே. செல்கள் சுறுசுறுப்பாகியிருந்ததையும் பார்த்திருக்கிறார்கள். அதே விழிப்பு கட்டுமீறிப் போய்க் கல்லீரல் செயலிழந்து இறந்தவர்களும் உண்டு. யாருக்கு எது நடக்கும் என்று முன்கூட்டிச் சொல்லும் டெஸ்ட் இன்று கையில் இல்லை. இ-ஆன்டிஜன் நெகட்டிவ் ஆகி, பல ஆண்டு டிஎன்ஏ தெரியாமல், சிரோசிஸ் இல்லாதவர், நிறுத்திய முதல் சில மாதங்கள் அடிக்கடி ரத்தப் பரிசோதனைக்கு வரத் தயாராக இருந்தால், கல்லீரல் நிபுணரின் கண்காணிப்பில் முயன்று பார்க்கலாம். சிரோசிஸ் உள்ளவருக்கு அந்தப் பேச்சே வேண்டாம்.

மாத்திரை வாங்கக் காசில்லை என்று நிறுத்தத் தேவையில்லை. 2018 ஜூலை 28 அன்று தொடங்கிய தேசிய வைரல் ஹெபடைடிஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தின் கீழ் அரசு மருத்துவமனைகளில் உள்ள சிகிச்சை மையங்களில் பரிசோதனையும் மருந்தும் இலவசம். போகும்போது பழைய ரிப்போர்ட்டுகள் எல்லாவற்றையும் தேதி வரிசையில் கொண்டுபோங்கள். ஒரு எஸ்ஜிபிடி எண்ணைவிட இரண்டு வருஷ எண்களின் போக்குதான் டாக்டருக்கு அதிகம் பேசும். கூடவே மனைவி அல்லது கணவன், பிள்ளைகள், உடன்பிறந்தவர்களையும் கூட்டிப்போய் எச்பிஎஸ்ஏஜி பார்த்துவிடுங்கள். நெகட்டிவ் வந்தவர்களுக்குத் தடுப்பூசி மூன்று தவணை.